மூடி அக்காவும் அண்ணன் கடை டின்களும்

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னவர்களுக்கு மூடி அக்கா, பெரியவர்களுக்கு வெறும் மூடி. அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அண்ணன். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையலறையை எட்டிப் பார்ப்பாள். திறந்து கிடக்கும் டப்பாக்களை மூடிய பிறகுதான் உட்காருவாள். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தபோது, பக்கத்தில் பஞ்சு வைத்திருந்த ஜாடி திறந்திருப்பது அவள் கண்ணில் பட்டது. கையை நீட்டி அதை மூடினாள். "வாயை மட்டும் மூடிடாதீங்கம்மா, இன்னும் வேலை முடியல" என்றாராம் டாக்டர்.

மூடி அக்காவின் தொழில் கேக் மிக்ஸ். மைதா, சர்க்கரை, பால் பவுடர், பேக்கிங் பவுடர், உப்பு, கோகோ எல்லாவற்றையும் அளந்து, சலித்து, கலந்து, டின்னில் அடைத்து விற்கிறாள். வாங்குகிறவர்கள் முட்டையும் எண்ணெயும் தண்ணீரும் சேர்த்து அடித்து ஓவனில் வைக்க வேண்டியதுதான். வீட்டின் பின்னறையில்தான் வேலை நடக்கிறது. அந்த அறையில் ஒரு குழாய் இருந்தது. அவளே ஆளை வரவழைத்து அதை அடைத்துவிட்டாள். ஈரத் துணி அந்த வாசலைத் தாண்டக் கூடாது. மழை பெய்கிற நாளில் எதையும் கலக்கமாட்டாள், உட்கார்ந்து லேபிள் ஒட்டுவாள். மூட்டைகள் மரப்பலகைமேல் இருக்கும், சுவரிலிருந்து ஒரு கை தள்ளி. சுவருக்கும் வேர்க்கும் என்பாள். புதிதாக வந்த மாவைச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுப்பாள், கண்ணுக்குத் தெரியாத பூச்சி முட்டைகள் சாகட்டும் என்று. வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்கவும் மாட்டாள். குளிர்ச்சி முழுக்க இறங்கும்வரை அது கட்டினபடியே கிடக்கும். குளிர்ந்த மாவில் வெளிக்காற்று பட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கல்யாணத்துக்கு முன், பிஸ்கட்டும் மாவும் பாக்கெட் போட்டு விற்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கடைகளிலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்க்கிற மேசையில் அவளைப் போட்டிருந்தார்கள். யாருக்கும் பிடிக்காத மேசை அது. ஒரு பாக்கெட்டில் மாவு கட்டி தட்டியிருக்கும், இன்னொன்றில் புழு நூல் கட்டியிருக்கும். தவிட்டோடு அரைத்த கோதுமை மாவு என்றால் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். ஒரு கடையிலிருந்து வந்தவை எல்லாம் சோப்பு மணத்தன. அந்தக் கடைக்காரர் சோப்பையும் இவற்றையும் ஒரே தட்டில் அடுக்கியிருந்தார். எந்தப் பாக்கெட் எங்கே எப்படி இருந்து கெட்டது என்று கொண்டுவந்தவர்களை நச்சரித்துக் கேட்டுக் கேட்டே அவள் படித்துக்கொண்டாள்.

வாங்குகிறவர்கள் தேதியைப் பற்றி அவளைக் கேட்காத நாளில்லை. தேதி தாண்டினால் விஷமா என்பார்கள். அன்றைக்கே விஷமாகாது, கேக் உப்புகிற சக்திதான் குறையும் என்பாள். ஆனால் பூச்சியோ, ஈரமோ, வேண்டாத வாடையோ இருந்தால் தேதி பாக்கி இருந்தாலும் கொட்டிவிடச் சொல்வாள். மனசு கேட்காமல் சலித்து வைத்துக்கொள்கிறவர்களை அவளுக்குத் தெரியும். "சலிச்சா புழு போகும், அது பண்ணி வெச்சது போகாது" என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு முறை கலக்கும்போதும் ஒரு பிடி கலவையைச் சின்னப் பாட்டிலில் போட்டு, அதன் தேதி முடியும்வரை அலமாரியில் வைத்திருப்பாள். யாராவது குறை சொன்னால் அதை எடுத்துப் பார்ப்பதற்காக. அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். அந்தப் பாட்டில்களுக்கு அவர் வைத்த பெயர் கைதிகள். சாப்பிட உட்காரும்போது, "என்ன, கைதிங்க எல்லாம் சௌக்கியமா?" என்று விசாரிப்பார்.

அவளுடைய அண்ணன் பேக்கரி வைத்திருக்கிறார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சின்னக் கடை. முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் ஓவன். முன்பக்கம் அண்ணி, பின்பக்கம் அண்ணன். கண் நரம்பில் வந்த கோளாறில் அவருக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரியும். தராசு முள் தெரியாமல் போன அன்று அவர் கடையை மூடுவதாக இருந்தார். தராசு வேலையை நான் பார்க்கிறேன், மற்றதை நீ பார் என்றாள் தங்கை. அன்றிலிருந்து அண்ணன் கடைக்கென்று தனியாகக் கலக்கிறாள். ஒரு டின் ஒரு தட்டு கேக்குக்குச் சரியாக இருக்கும். வட்ட டின் சாதாரணக் கேக், சதுர டின் சாக்லேட். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் குவளை பார்த்து வாங்கித் தந்தாள். விளிம்பு விரலில் நனைகிறவரை ஊற்றினால் அளவு சரி. பழைய டின்னுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருக்கும், அதை முதலில் எடுக்க வேண்டும். மீதியெல்லாம் அவர் கையில் இருந்தது. கரண்டியிலிருந்து கலவை விழுகிற சத்தத்திலேயே பதம் சொல்வார். ஓவன் கதவைத் திறந்து முகத்தைக் காட்டினால் சூடு போதுமா என்று தெரிந்துவிடும்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியான நேரத்தில் அண்ணி தனியாக மூடி அக்கா வீட்டுக்கு வந்தார். கடை நேரத்தில் அவர் கடையை விட்டு நகருகிறவர் கிடையாது. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கொஞ்ச நாளாகவே கேக் நடுவில் குழிந்துபோகிறது என்றார். முதலில் மேலே க்ரீம் தடவி மறைத்தார்களாம். "இப்ப க்ரீமும் குழிக்குள்ள போகுதும்மா."

வாடிக்கைக்காரர்கள் பேசுவது இருக்கட்டும், அதைவிட அவர் பேசாமல் இருப்பதுதான் தாங்கவில்லை என்றார் அண்ணி. வீணான கேக்கை அவரே குப்பையில் போட்டுவிட்டு, இன்றைக்குக் கேக் போடவில்லை என்கிறார். கை போய்விட்டது என்று ஒருநாள் சொன்னார். கண் போனபோதுகூட அப்படி உட்காராதவர் இப்போது உட்கார்ந்துவிட்டார். நாளை மறுநாள் ஓவனை விலைக்குக் கேட்டு ஒருத்தர் வருகிறார். வரச் சொன்னது அவரேதான்.

"எனக்காக ஒண்ணு பண்ணு. உன் மாவுல தப்புன்னு சொல்லிடு. பேக்கிங் பவுடரைக் குறைச்சுப் போட்டுட்டேன்னு சொல்லு. அவர் கைமேல பழி விழக் கூடாது, அவ்வளவுதான்."

"அண்ணி, நிஜமாவே என் மாவுல தப்பிருந்தா?"

"அப்ப பொய் சொல்ற வேலை மிச்சம்."

அண்ணி போனதும் மூடி அக்கா அலமாரியைத் திறந்து, அண்ணன் கடைக்குக் கடைசியாகக் கலந்த பாட்டிலை எடுத்தாள். ஒரு பிடி கலவைக்குத் தகுந்த அளவு முட்டை அடித்து, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஓவனில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். தன் மாவு கெட்டிருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கேக் எழும்பியது. கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி, உச்சியில் அழகாக வெடித்து, குழந்தையின் கன்னம் மாதிரி நின்றது.

வேனை நிறுத்திவிட்டு வந்த கணவர் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். நன்றாகத்தானே வந்திருக்கிறது, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா வந்திருக்கு. அதான்" என்றாள்.

மறுநாள் காலை புதிதாக அடைத்த டின் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழக்கமாக அவள் கடைக்குப் போவது வார விடுமுறை அன்று. ஓவன் குளிர்ந்து கிடக்கும். டின்களை அவளே எதிர்ச் சுவர் அலமாரியில் அடுக்கிவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்புவாள். வேலை நாளில் பின்னறைக்குள் கால் வைத்து ரொம்ப நாளாகிவிட்டது. பஸ்ஸில் அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் அது நாக்கில் மாவு மாதிரி ஒட்டியது.

முன்னால் அண்ணி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். கண்ணாலேயே உள்ளே போகச் சொன்னார். பின்னறையில் ஓவன் எரிந்துகொண்டிருந்தது. ரொட்டியின் மேல்தோல் மொறுமொறுப்பாக வருவதற்காக உள்ளே தண்ணீர்த் தட்டு வைத்திருந்தார்கள். கதவு இடுக்கில் ஆவி கசிந்தது. பக்கத்து அடுப்பில் தட்டு கழுவ வெந்நீர் கொதித்தது. அண்ணன் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்துக்கு அவர் ஏப்ரன் கறை இல்லாமல் இருந்தது. அன்றைக்குக் கேக்குக்கு அவர் கலவை அடிக்கவே இல்லை.

"மூடி, இன்னிக்கு லீவு இல்லையே" என்றார், நடையைக் கேட்டே.

அவள் நின்றபடியே சொன்னாள். "அண்ணா, போன தடவை நான் தப்பு பண்ணிட்டேன். பவுடரைக் குறைச்சுப் போட்டுட்டேன்."

அவர் சிரித்தார்.

"பல் டாக்டர் ஜாடியை மூடினவ, பவுடரைக் குறைச்சுப் போட்டியா? நம்புற மாதிரி ஏதாவது சொல்லு. உங்க அண்ணி வந்து அழுதாளா?"

அவள் கொண்டுவந்த டின்னை மேசைமேல் வைத்தாள். உன் மாவு சரியாகத்தான் இருக்கிறது, என் கைதான் சரியில்லை, அதை விட்டுவிடு என்றார் அவர். இருக்கிற டின்களையும் எடுத்துக்கொண்டு போ, யாராவது நன்றாகச் செய்கிறவர்களுக்குக் கொடு, இங்கே வீணாக வேண்டாம் என்று எழுந்தார். எழுந்தவர் அலமாரிப் பக்கம் போகவில்லை. ஓவனுக்கு நேராக நடந்து, அதன் தலைக்கு மேலே சுவரில் அடித்திருந்த பலகையில் கையை விட்டு, ஒரு வட்ட டின்னை இறக்கி அவளிடம் நீட்டினார்.

டின் சுட்டது. கையைப் பொசுக்குகிற சூடில்லை, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி ஒரு வெதுவெதுப்பு. மூடி அக்கா மூடியைத் திறந்தாள். மூடியின் உட்புற விளிம்பில் மாவு ஈரம்பட்டுப் பசையாகி வளையமாகக் காய்ந்திருந்தது. விரலால் கிளறினாள். சின்னச் சின்னக் கட்டிகள்.

"இது எப்பலேர்ந்து மேல இருக்கு?"

அவர் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார்.

அவள் இரண்டு கண்ணாடி டம்ளரை எடுத்து, கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைப் பாதிப் பாதி ஊற்றினாள். ஒன்றில் சூடான டின்னிலிருந்து ஒரு கரண்டி, மற்றதில் தான் கொண்டுவந்த டின்னிலிருந்து ஒரு கரண்டி. "குனி, அண்ணா. காதைக் கொடு" என்று முதல் டம்ளரை அவர் காதருகே பிடித்தாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதைப் பிடித்தாள். அதில் கலவை நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. சன்னமாக ஒரு இரைச்சல், தூரத்து வீட்டில் எண்ணெய் காய்கிற மாதிரி.

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். எது எந்த டம்ளர் என்று சொல்லாமல் மாற்றிப் பிடிக்கச் சொன்னார். அவள் மாற்றினாள். அவர் தலையைச் சாய்த்து இரண்டையும் கேட்டுவிட்டு, விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது செத்தது. இது உயிரோட இருக்கு."

"ஆமா."

"சூடா இருந்தா ஈரம் அண்டாதுன்னுல்ல நினைச்சேன்."

பேக்கிங் பவுடர் தண்ணீருக்கும் சூட்டுக்கும் காத்திருக்கிற சாமான், பலகையில் அதற்கு இரண்டுமே தினம் கொஞ்சம் கிடைத்திருக்கிறது என்றாள் அவள். ஆவிக்கு நேர் மேலே இருக்கிற டின்னை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே போனது ஈரக் காற்று. "கேக்ல உப்ப வேண்டியது, டின்னுக்குள்ளயே உப்பி முடிச்சிடுச்சு. உன் கை என்ன பண்ணும்?"

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் திரும்பியிருந்ததால் அவள் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, இப்போது என்னைத் திட்டு என்றார்.

திட்டத்தான் அவள் வாயெடுத்தாள். அலமாரியில் கொண்டுவந்து அடுக்குகிறேனே, அதில் என்ன குறை கண்டாய் என்று கேட்டாள். அவர் முன்பக்கம் திரும்பி அண்ணியின் குரல் எங்கே இருக்கிறது என்று காது கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

ஒருநாள் அலமாரியிலிருந்து வட்ட டின்னை எடுத்திருக்கிறார். ரப்பர் பேண்டும் இருந்தது, இடமும் அதே இடம். வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்து ஈர விரலில் உரசிப் பார்த்தார். வழுவழு என்று வழுக்கியது. தட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்குப் போகப் போடுகிற சலவைச் சோடாத் தூள். மூடி அக்காவின் காலி டின்தான். நல்ல டின், மூடி இறுக்கமாக இருக்கிறது, தூள் கட்டியாகாது என்று அண்ணி அதில் நிரப்பி அலமாரியிலேயே வைத்திருக்கிறார். கண் தெரிகிறவர்களுக்கு அதன் மேலே பெரிதாக எழுதியும் ஒட்டியிருந்தார்.

"உரசாம கொட்டியிருந்தா? அன்னிக்கு ஒரு பிறந்தநாள் கேக் ஆர்டர். சின்னப் பசங்க."

அன்றைக்கே மாவு டின்களை எல்லாம் ஓவனுக்கு மேலே ஏற்றிவிட்டார். அந்தச் சூட்டுக்குப் பயந்து அங்கே வேறு யாரும் எதையும் வைக்கமாட்டார்கள். அவருக்கும் இடம் தேட வேண்டியதில்லை, சூடு எங்கேயோ அங்கே டின். விடுமுறைக்கு முந்தின நாள் மட்டும் எல்லாவற்றையும் இறக்கி அலமாரியில் அடுக்கி வைப்பாராம், தங்கை வந்து பார்த்துக் கத்துவாளே என்று.

"அண்ணிகிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது?"

"என்கிட்டயே சொல்லுங்க."

அண்ணி காலித் தட்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தட்டை மேசைமேல் வைத்தார். டின்கள் மேலே ஏறியதை அவர் பார்த்திருந்தார், சூட்டில் பூச்சி வராது என்று செய்கிறார் போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டார்.

"நான்தான் அந்த டின்ல போட்டேன். ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்ட."

"நீங்க மட்டும் தூங்கினீங்களாக்கும்."

அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அண்ணி அலமாரியைத் திறந்து சோடாத் தூள் டின்னை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டார். தூளைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டுகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு வேறு சத்தம் வந்தது. மூடி அக்கா எட்டிப் பார்த்தாள். அண்ணி டின்னைக் கல்மேல் வைத்து, கதவுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்பால் அடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். தட்டையான பிறகும் அடித்தார். முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, காலி டின் இனிமேல் ஒன்றுகூட இந்தக் கடையில் தங்காது, அத்தனையையும் நீ திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்றார்.

அலமாரியை என்ன செய்வது என்று மூன்று பேரும் பேசினார்கள். அதில் மாவைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது, உப்புப் பாக்கெட்கூடக் கூடாது என்றாள் மூடி அக்கா. டின்னுக்கு டின் கயிறு கட்டலாமா, முடிச்சுப் போடலாமா என்று அண்ணி கேட்டார். அண்ணன் அதெல்லாம் வேண்டாம் என்றார்.

"ஒரு பூட்டு போடுங்க. சாவி என் இடுப்புல இருக்கட்டும். நான் வைக்காதது உள்ள போகாது."

பலகையில் இருந்த டின்களை இறக்கி மூடி அக்கா ஒவ்வொன்றாகக் குப்பைப் பைக்குள் கொட்டினாள். எல்லாவற்றையுமா என்று அண்ணன் கேட்டார். எல்லாவற்றையும்தான் என்றாள். கொஞ்சம் பவுடர் கூடச் சேர்த்துச் சமாளிக்க முடியாதா என்று கேட்டுப் பார்த்தார். எவ்வளவு செத்தது, எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லிப் பையைக் கட்டினாள்.

கொண்டுவந்த டின் ஒன்றுதான் மிச்சம். அண்ணன் கையைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மூடியைத் திறந்தார். சிட்டிகை எடுத்து உரசிப் பார்த்தார். முட்டையை உடைத்து ஊற்றினார், குவளைகளை விரலால் அளந்தார், அடிக்க ஆரம்பித்தார். கரண்டியைத் தூக்கி விழவிட்டுக் கேட்டார். திரும்பவும் கேட்டார். தட்டில் ஊற்றித் தட்டிச் சமன் செய்து ஓவனுக்குள் தள்ளினார். வாசலில் யாரோ கூப்பிட்டும் அண்ணி நகரவில்லை.

கேக் வெளியே வந்ததும் அவர் இரண்டு உள்ளங்கையையும் அதன் மேலே தொடாமல் பிடித்து, சூடு எந்த உயரத்தில் வந்து முட்டுகிறது என்று பார்த்தார். பிறகு ஒரு விரலால் நடுவில் மெதுவாக அழுத்தினார். அழுத்தின இடம் திரும்ப எழுந்தது. ஓரத்தைத் தடவினார், மறுபடியும் நடுவைத் தடவினார்.

அண்ணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "நாளைக்கு ஓவனைப் பார்க்க ஆள் வருவாரே. அவர்கிட்ட என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒரு துண்டு கேக் கொடு" என்றார் அண்ணன். தங்கை பக்கம் கையை நீட்டினார். "மூடி, சதுர டின் இருக்கா? சாக்லேட் கேட்டு ரெண்டு பேர் திரும்பிப் போயிட்டாங்க."

வீட்டில் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் வேனில் கொண்டுவரச் சொல்கிறேன் என்று அவள் செருப்பை மாட்டினாள். அண்ணி முன்பக்கம் ஓடினார். வாசலில் வந்து நின்ற வேறொருவர் கண்ணாடிப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.